ரத்தக்குழாய்க்குள் பிளாஸ்டிக்: எவ்வளவு பயப்படலாம்?

"டாக்டர், என் ரத்தத்துல எவ்வளவு பிளாஸ்டிக் இருக்குன்னு பார்க்க டெஸ்ட் ஏதாவது இருக்கா?" இதய நோய்க்குத் தொடர்ந்து மருந்து எடுப்பவர்கள் இப்போதெல்லாம் கொலஸ்ட்ரால் பற்றிக் கேட்பதற்கு முன்பே இதைக் கேட்டுவிடுகிறார்கள். கைபேசியில் ஒரு வாட்ஸ்அப் செய்தி தயாராக இருக்கும். அதில் "ரத்தக்குழாயில் பிளாஸ்டிக் இருந்தால் மாரடைப்பு நான்கரை மடங்கு" என்ற வரியும் தவறாமல் இருக்கும்.

அந்த எண் கட்டுக்கதை இல்லை. இத்தாலிய மருத்துவர் ரஃபேலே மார்ஃபெல்லாவின் குழு 2024 மார்ச்சில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது அது. மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கழுத்துத் தமனியில் அடைப்பு முற்றினால், தமனியைத் திறந்து உட்சுவரில் படிந்திருப்பதை உரித்து எடுப்பதுண்டு. மஞ்சளாக, சில இடங்களில் பிசுபிசுப்பாக, சில இடங்களில் சுண்ணாம்பேறிக் கெட்டியாக இருக்கும். அந்தப் படிவுக்குள்தான் இந்தக் குழு பிளாஸ்டிக்கைத் தேடியது.

257 பேரைச் சராசரியாக 34 மாதங்கள் கண்காணித்தார்கள். 150 பேரின் படிவில் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக் இருந்தது. 31 பேரின் படிவில் பிவிசி என்ற இன்னொரு பிளாஸ்டிக்கும் இருந்தது. பிளாஸ்டிக் இருந்தவர்களில் 20 சதவீதம் பேருக்கு மாரடைப்போ பக்கவாதமோ மரணமோ நேர்ந்தது. இல்லாதவர்களில் அது 7.5 சதவீதம். வயது, பிற நோய்கள் போன்ற வித்தியாசங்களைக் கணக்கில் எடுத்துச் சரிசெய்தபோது கிடைத்ததுதான் அந்த நான்கரை மடங்கு ஆபத்து.

நடக்கக்கூடியதுதானா என்றால், உயிரியல் ரீதியாக இடமிருக்கிறது. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் விளிம்பு கரடுமுரடான அந்நியத் துகள்கள் மேக்ரோஃபேஜ் செல்களுக்குள் தெரிந்தன. வெளியிலிருந்து வருவதை விழுங்கிச் செரிப்பது அந்தச் செல்களின் வேலை. பிளாஸ்டிக்கை விழுங்கலாம், செரிக்க முடியாது. அழற்சியைத் தூண்டும் பொருட்களும் அந்தப் படிவுகளில் கூடுதலாக இருந்தன. அழற்சி மிகுந்த படிவு எளிதில் வெடிக்கும். வெடித்த இடத்தில் ரத்தம் உறையும். மாரடைப்பு பெரும்பாலும் அப்படித்தான் வருகிறது.

ஆனால் இந்த ஆய்வு பிளாஸ்டிக்கையும் மாரடைப்பையும் ஒரே ஆளிடம் பார்த்திருக்கிறது, அவ்வளவுதான். ஒன்றால் மற்றொன்று வந்தது என்று நிரூபிக்கவில்லை. ஆய்வாளர்களே அதைச் சொல்லியிருக்கிறார்கள். நோயாளிகள் என்ன சாப்பிட்டார்கள், எந்தத் தண்ணீரைக் குடித்தார்கள் என்ற விவரமும் இல்லை. எனக்கு இன்னொரு சந்தேகமும் உண்டு. நோய் அதிகமானவருக்கு டிரிப், ட்யூப், கதீட்டர் எல்லாமே அதிகம். அத்தனையும் பிளாஸ்டிக். நோய்தான் பிளாஸ்டிக்கைக் கொண்டுவந்ததா என்று எங்கள் தொழிலில் இருப்பவர்கள் கேட்டாக வேண்டும்.

அளக்கும் முறையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. செய்திகள் இதைத் தொடுவதே இல்லை. திசுவைக் கடும் வெப்பத்தில் சிதைத்து, வெளிவரும் வாயுத் துண்டுகளை வைத்து எந்தப் பிளாஸ்டிக், எவ்வளவு என்று கணக்கிடுகிறார்கள். பாலிஎத்திலீன் என்பது கார்பனும் ஹைட்ரஜனும் கோர்த்த நீண்ட சங்கிலி. கொழுப்பு அமிலத்திலும் அதே மாதிரி சங்கிலி உண்டு. சூடேற்றினால் இரண்டும் ஒரே மாதிரித் துண்டுகளைத் தரலாம். திசுவிலிருந்து கொழுப்பை முழுக்க நீக்காவிட்டால், கொழுப்பே பிளாஸ்டிக்காகக் கணக்கில் ஏறிவிடும். 2025 பிப்ரவரியில் நேச்சர் மெடிசின் இதழில் வந்த மூளை ஆய்வு "மூளையில் ஒரு ஸ்பூன் பிளாஸ்டிக்" என்று உலகம் சுற்றியதே, அதன்மீது வேதியியலாளர்கள் வைத்த முக்கிய ஆட்சேபம் இதுதான். மூளையின் உலர்ந்த எடையில் பாதிக்கு மேல் கொழுப்பு. தமனிப் படிவும் கொழுப்பு மிகுந்ததுதான் என்பதை மறந்துவிட வேண்டாம்.

ஆகவே, ரத்தப் பரிசோதனை வேண்டாம் என்றே சொல்கிறேன். எது இயல்பு, எது அதிகம் என்ற அளவுகோலே இன்னும் கிடையாது. ரிப்போர்ட்டில் ஒரு எண் வந்தால் அதை வைத்து நானும் எதுவும் செய்ய முடியாது, நீங்களும் செய்ய முடியாது. ரத்தத்தைச் சுத்திகரித்துப் பிளாஸ்டிக்கை அகற்றித் தருகிறோம் என்று பெருந்தொகை வாங்குகிற மையங்களும் முளைத்துவிட்டன. அதனால் மாரடைப்பு குறையும் என்பதற்கு ஆதாரம் இல்லை. என்னை உண்மையில் கவலைப்படுத்துவது வேறு: இந்தப் பயத்தில் மூழ்கியவர் ரத்த அழுத்த மாத்திரையை மறந்திருப்பார், சிகரெட்டை விட்டிருக்க மாட்டார். கட்டுப்படாத ரத்த அழுத்தமும் சிகரெட்டும் தமனியைக் கெடுக்கும் என்பதில் எந்தச் சந்தேகமும் மிச்சமில்லை.

அதற்காகப் பிளாஸ்டிக்கைக் கண்டுகொள்ளாமல் விடச் சொல்லவில்லை. செலவில்லாமல் குறைக்க முடிவதைக் குறைக்கலாம். சூடுதான் முதல் எதிரி. கொதிக்கும் எதையும் பிளாஸ்டிக்கில் ஊற்றாதீர்கள், பிளாஸ்டிக் டப்பாவை மைக்ரோவேவில் வைக்காதீர்கள். பாட்டில் தண்ணீர் சுத்தமானது என்ற நம்பிக்கையையும் கொஞ்சம் தளர்த்தலாம்: 2024 ஜனவரியில் கொலம்பியா பல்கலைக்கழகக் குழு ஒரு லிட்டரில் சராசரியாக 2,40,000 துகள்களை எண்ணியது. பத்தில் ஒன்பது பங்கு ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சிறிய நானோ துகள்கள். குழாய்த் தண்ணீர் பாதுகாப்பாகக் கிடைக்கும் இடத்தில் பாட்டில் வாங்க வேண்டிய அவசியமே இல்லை. கிடைக்காத இடத்தில் பாட்டில் தண்ணீரையே குடியுங்கள். காலராவும் டைஃபாய்டும் இதைவிடப் பெரிய ஆபத்து.

புட்டிப்பால் குடிக்கும் குழந்தை இருக்கும் வீட்டில் மட்டும் கூடுதல் கவனம் தேவை. பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆன பாட்டிலில் சூடான நீரில் பால் கலக்கும்போது லிட்டருக்கு ஒரு கோடியே 60 லட்சம் துகள்கள் வரை வெளியேறுவதை 2020இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரி ஆய்வு காட்டியது. பால் பவுடரில் கிருமி இருக்கலாம் என்பதால் 70 டிகிரிக்குக் குறையாத நீரில்தான் கரைக்க வேண்டும். அதில் சமரசம் கூடாது. கரைப்பதைக் கண்ணாடிப் பாத்திரத்திலோ எவர்சில்வர் பாத்திரத்திலோ செய்யுங்கள். கொதிநீரில் போட்டு எடுத்த பாட்டிலை, கொதிக்கவைத்து ஆறவைத்த நீரால் இரண்டு மூன்று முறை அலசுங்கள். பால் குடிக்கும் பதத்துக்கு ஆறியபின் பாட்டிலில் ஊற்றிக் கொடுங்கள்.