ஜவ்வு எங்கேயும் போய்விடவில்லை, அக்கா

திருநெல்வேலிச் சீமையில் முக்கூடல் பக்கமிருந்து வரும் பீடி சுற்றும் அக்காமார், எம்.ஆர்.ஐ. கவரை மேஜையில் வைக்கும்போதே தீர்ப்பையும் சொல்லிவிடுவார்கள். "ஜவ்வு விலகிட்டுன்னு சொல்லுதாவ சார். இனி சுளகைத் தொட முடியாதுல்லா?" சுளகு என்றால் மடியில் வைத்துப் பீடி சுற்றும் முறம்.

போன வாரம் வந்த அக்காவிடம் பிளாஸ்டிக் முதுகெலும்பைக் கொடுத்து, எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே மெத்தைபோல் இருக்கும் ஜவ்வில் (டிஸ்க்) ஒன்றை உருவச் சொன்னேன். இலை மடக்கி மடக்கிக் காய்த்த நகத்தால் நெம்பிப் பார்த்தார். அசையவில்லை. பொம்மைதான், ஆனால் நிஜ ஜவ்வும் மேலும் கீழும் எலும்போடு ஒட்டி வளர்ந்ததுதான்.

பிறக்கும்போது முதுகெலும்பில் 33 எலும்புகள். அடியிலுள்ள ஒன்பதும் வளர வளரச் சேர்ந்துவிடும். மிச்சம் கழுத்தில் 7, முதுகில் 12, இடுப்பில் 5. ஜவ்வுகள் 23. ஒவ்வொன்றின் நடுவிலும் நுங்கு மாதிரி ஒரு கொழகொழப்பு. அதைச் சுற்றி, ஓலைப்பெட்டி முடைந்ததுபோல் குறுக்கும் மறுக்குமாக நார் அடுக்குகள். நாரில் கீறல் விழுந்து நுங்கு பிதுங்குவதைத்தான் 'விலகல்' என்கிறோம். பெரும்பாலும் இடுப்பின் கடைசி இரண்டு ஜவ்வுகளில். நரம்பைத் தொட்டால் வலி காலில் இறங்கும். வலியே இல்லாதவர்களைப் படமெடுத்தாலும் பலருக்குப் பிதுக்கம் தெரியும். பெரும்பாலோருக்கு அறுவை இல்லாமலே வலி தணியும்.

பெரியவர்களின் ஜவ்வுக்குள் ரத்தக்குழாய் கிடையாது என்றே சொல்லலாம். பக்கத்து எலும்பிலிருந்து கசிந்து வருவதுதான் அதற்குச் சாப்பாடு. பகலெல்லாம் பாரத்தில் நீர் பிழிபடும், ராத்திரி படுத்தால் ஊறும். காலையில் நாம் ஒரு சென்டிமீட்டராவது உயரமாக இருப்பது அதனால்தான். ஊறி உப்பிய நேரத்தில் குனிந்து குடம் தூக்காதீர்கள். கருப்பட்டிக் காப்பி குடித்து, கொஞ்சம் நடமாடிவிட்டுத் தூக்குங்கள்.

"தண்டுவடம் அடிபட்டிருமா?" என்றும் கேட்பார்கள். தண்டுவடம் இடுப்பின் முதல், இரண்டாம் எலும்பருகிலேயே முடிந்துவிடும். கீழே குதிரைவால்போல் நரம்புக் கற்றைதான். ஆனால் அது நசுங்கி ஒன்றுக்குப் போக முடியாமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ, பாதம் தொங்கினாலோ, மூலிகை எண்ணெய், தடவல் என்று நிற்காமல் அன்றைக்கே பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

மற்றபடி, அரைமணிக்கொரு தடவை எழுந்திருங்கள் என்பேன். "எந்திச்சு எந்திச்சுப் போனா ஆயிரம் பீடி எப்பம் முடியும்?" என்றார் அக்கா. நியாயம்தான், கூலி எண்ணிக்கைக்குத்தானே. சுவரில் சாய்ந்து, சுளகுக்கடியில் தலையணை வைக்கச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு அவரே சொன்னார்: "வெட்டுன இலைய அடுப்பங்கரையில வச்சிக்கிடுதேன். எடுக்கப் போயித்தான ஆவணும்."