பல் தேய்க்க அடம் பிடிக்கிறதா? முதலில் எங்கே வலிக்கிறது என்று பாருங்கள்

"டாக்டர், பிரஷ்ஷைப் பார்த்தாலே ஓடுறான். ரெண்டு பேர் பிடிச்சாத்தான் முடியுது." குழந்தைகளுக்குப் பல் வைத்தியம் பார்க்கிற எவரும் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது. கூடவே ஒரு கேள்வியும் வரும்: பொம்மை போட்ட பிரஷ் வாங்கலாமா, பேட்டரியில் ஓடுவதை வாங்கலாமா? தாராளமாக வாங்கலாம். ஆனால் புது பிரஷ்ஷின் மவுசு எவ்வளவு நாளைக்குத் தாங்கும் என்பது உங்களுக்கே தெரியும். அதனால் நான் கடைக்கு அனுப்புவதற்கு முன்னால், ஒரு பிரஷ்ஷைக் கையில் கொடுத்து, "வீட்டில் எப்படித் தேய்ப்பீங்களோ, அப்படியே செஞ்சு காட்டுங்க" என்பேன். பெரும்பாலும் காரணம் அங்கேயே தெரிந்துவிடும்.

அம்மா குழந்தைக்கு எதிரே நின்றுகொள்வார். ஒரு கை தாடையைப் பிடித்திருக்கும். மறு கை, பிரஷ்ஷை இடமும் வலமுமாக வேகமாக இழுக்கும். மேல் முன்பற்களுக்கு வந்ததும் குழந்தை வீறிட்டுத் தலையைத் திருப்பும். அதை அடம் என்று நினைக்கிறோம். உங்கள் குழந்தையின் மேலுதட்டை மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். நடுவில், உதட்டையும் ஈறையும் இணைத்தபடி மெல்லிய நரம்பு போல ஒரு சதை மடிப்பு இருக்கும். சின்னக் குழந்தைகளுக்கு அது பல்லுக்கு ரொம்பப் பக்கத்தில் இறங்கியிருக்கும். குறுக்கே இழுக்கிற பிரஷ் ஒவ்வொரு முறையும் அதில்தான் போய் இடிக்கிறது. நமக்கு யாராவது தினம் காலையில் அந்த இடத்தில் இடித்தால் நாமும்தான் ஓடுவோம்.

சரிசெய்வது சுலபம். ஆள்காட்டி விரலால் உதட்டைத் தூக்கி, அந்த மடிப்பின் மேல் விரலை வைத்து மறைத்துக்கொள்ளுங்கள். பிரஷ்ஷைக் குறுக்கே இழுக்காமல், ஒவ்வொரு பல்லிலும் சின்னச் சின்ன வட்டமாகச் சுற்றுங்கள்.

அடுத்தது பேஸ்ட். "காரமா இருக்கு" என்று குழந்தை சொன்னால் நம்புங்கள். பெரியவர்களின் பேஸ்ட்டில் இருக்கும் புதினா சுவை அதற்கு உண்மையிலேயே எரியும். நுரை தொண்டைக்குப் போய்க் குமட்டும். மிதமான சுவையுள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். ஆனால் பெட்டியில் புளூரைடு அளவைப் படித்துப் பாருங்கள். குறைந்தது 1000 பிபிஎம் (பெட்டியில் ppm என்று போட்டிருக்கும்) இருந்தால்தான் சொத்தையைத் தடுக்கும் வேலை சரியாக நடக்கும். மூன்று வயது வரை ஒரு அரிசி அளவு, அதற்குப் பிறகு ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவு. விளம்பரத்தில் காட்டுவது போலப் பிரஷ் நீளத்துக்கும் பிதுக்கத் தேவையே இல்லை. அரிசி அளவுதான் என்பதால் கொஞ்சம் விழுங்கினாலும் பயமில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் போல நிலத்தடி நீரிலேயே புளூரைடு அதிகம் உள்ள ஊர் என்றால் மட்டும் உங்கள் பல் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

இரண்டு வயதைத் தாண்டும்போது கடைசிக் கடைவாய்ப் பால் பற்கள் முளைக்கும். ஈறு வீங்கி, தொட்டாலே வலிக்கும். அதுவரை ஒழுங்காக வாய் திறந்த குழந்தை திடீரென்று மறுக்க இது ஒரு காரணம். அந்த இடத்தை மட்டும் சில நாட்கள் மெதுவாகத் தொட்டுவிட்டு வாருங்கள், மொத்தமாக நிறுத்திவிடாதீர்கள்.

சரி, எப்படிப் பிடிப்பது? நம் வீட்டுப் பாட்டிகள் காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலில் கிடத்திக் குளிப்பாட்டுவார்களே, அது மாதிரி படுக்கவைப்பதுதான் பல் தேய்க்கவும் வசதி. தரையிலோ கட்டிலிலோ சம்மணமிட்டு உட்கார்ந்து, குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்து, அதன் தலையை உங்கள் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். அதன் கால் உங்களிடமிருந்து விலகி நீண்டிருக்கட்டும். இப்போது வாய் முழுதும் உங்களுக்குத் தெரியும், தலையும் ஆடாது, குழந்தை உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். வாஷ்பேசின் முன்னால் ஸ்டூலில் ஏற்றி நிறுத்துவதைவிட இது ஆயிரம் மடங்கு நிம்மதி. பேஸ்ட் அரிசி அளவுதான் என்பதால் துப்புவதற்காக எழுந்து ஓடவும் வேண்டாம். வழிவதைத் துணியால் துடைத்தால் போதும்.

நேரமும் முக்கியம். ஸ்கூல் வேன் தெருமுனையில் ஹாரன் அடிக்கும்போது யாராலும் பொறுமையாகப் பல் தேய்த்துவிட முடியாது. காலையில் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும், இரவு விடவே கூடாது என்பது என் கட்சி. தூங்கும்போது எச்சில் சுரப்பது வெகுவாகக் குறைந்துவிடும். பல்லை அரிக்கும் அமிலத்தைப் பகலில் கழுவிவிடும் அந்தக் காவல் இரவில் இல்லை. சர்க்கரை போட்ட பாலைப் புட்டியில் குடித்தபடியே தூங்குகிற குழந்தைகளுக்கு மேல் முன்பற்கள் முதலில் சொத்தையாவதும் இதனால்தான். கீழ் முன்பற்களை நாக்கு மூடிக் காப்பாற்றிவிடுகிறது. எனவே முதலில் பால், அப்புறம் பல், அதற்குப் பிறகு தண்ணீர் மட்டும். "பால் பல்லுதானே, விழுந்து முளைக்கும்" என்று பாட்டி சொல்வார். முன்பல்லுக்கு அது சரி. கடைவாய்ப் பால் பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை இருந்தாக வேண்டியவை.

வலியும் அவசரமும் போன பிறகுதான் விளையாட்டுக்கு இடம். 1959-லிருந்து குழந்தைப் பல் மருத்துவத்தில் ஒரு முறை சொல்லிக்கொடுக்கப்படுகிறது: முதலில் சொல், பிறகு காட்டு, பிறகு செய். வீட்டிலும் இது பலிக்கும். முதலில் கரடி பொம்மைக்குத் தேய்த்துக் காட்டுங்கள். பிறகு உங்கள் பல்லைத் தேய்க்கக் குழந்தையிடம் பிரஷ்ஷைக் கொடுங்கள். அது குத்தும்போது நீங்கள் "ஆ" என்று அலறினால் அதற்கு அவ்வளவு சந்தோஷம். மூன்றாவதாக அதன் முறை. நீங்கள் தேய்க்க ஒரு பிரஷ், அது பிடித்து விளையாட இன்னொன்று என்று இரண்டு வைத்துக்கொண்டால் பிடுங்கல் இருக்காது. "மத்தியானம் சாப்பிட்ட பருப்பு சாதம் எங்கே ஒளிஞ்சிருக்கு, தேடலாமா?" என்று ஒவ்வொரு மூலையாகத் தேடுவது எந்தக் கார்ட்டூன் பிரஷ்ஷும் தராத விளையாட்டு.

"தேய்க்கலாமா?" என்று மட்டும் கேட்காதீர்கள், பதில் "வேண்டாம்"தான். "மேல் பல் முதல்லயா, கீழ்ப்பல் முதல்லயா?" என்று கேளுங்கள். போனில் வீடியோ போட்டுவிட்டுத் தேய்ப்பது எனக்கு உடன்பாடில்லை. நாளைக்குச் சார்ஜ் இல்லையென்றால் பல்லும் இல்லை என்றாகிவிடும். "தேய்க்கலைன்னா டாக்டர் ஊசி போட்டுடுவாங்க" என்பது இன்னும் மோசம். அந்தக் குழந்தை எங்களிடம் வந்ததும் வாயைத் திறக்க வைப்பதே பெரும்பாடு.

தேய்க்கும்போதே மேலுதட்டைத் தூக்கி ஒரு பார்வை பாருங்கள். ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளைக் கோடு தெரிந்தால் அது சொத்தையின் ஆரம்பம். ஓட்டை விழாத அந்த நிலையில் வந்தால் புளூரைடு பூச்சிலும் உணவுப் பழக்கத்திலும் தடுத்து நிறுத்த முடியும். பழுப்பானபின் வந்தால் வேலை நீளும்.

எத்தனை வயது வரை நாம் தேய்த்துவிடுவது? ஏழெட்டு வயது வரை. ஷூ லேஸைத் தானே கட்டத் தெரியாத கைக்கு, கடைவாய்ப் பல்லின் உள்பக்கம் எட்டாது. குழந்தை தானே தேய்க்க ஆசைப்பட்டால் தேய்க்கட்டும், முடித்ததும் நீங்கள் ஒரு சுற்று. குறிப்பாக ஆறு வயதில். அப்போது எந்தப் பல்லும் விழாமலே, கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் சத்தமில்லாமல் ஒரு பெரிய பல் முளைக்கும். அதுவும் பால் பல் என்றே பல வீடுகளில் விட்டுவிடுகிறார்கள். அது விழாத பல். மற்ற பற்களைவிடத் தாழ்வாக இருப்பதால் நேராக ஓட்டும் பிரஷ் அதைத் தொடாமலே மேலே போய்விடும். வாயைப் பாதி மூடச் சொல்லி, கன்னத்தின் பக்கமிருந்து பிரஷ்ஷைக் குறுக்காக உள்ளே விட்டு, அந்தப் பல்லை மட்டும் தனியாகத் தேய்த்துவிடுங்கள்.