நகராட்சித் தீர்மானத்தின் நகல் வாங்குவது எப்படி? தருமபுரி, கிருஷ்ணகிரி வாசகர்களுக்கு

சந்தையில் தரைக்கடைக்கு எவ்வளவு சுங்கம், குடிநீர் இணைப்புக்கு எவ்வளவு டெபாசிட் என்பதெல்லாம் பெரும்பாலும் நகராட்சி மன்றத் தீர்மானத்திலும் துணை விதிகளிலும்தான் இருக்கும். வசூலுக்கு வருபவர் "ரூல் அப்படித்தான்" என்பார். சரி, அந்த ரூலைக் காட்டுங்கள் என்றால் ஆளுக்கொரு மேசையைக் கை காட்டுவார்கள்.

நம் பக்கத்தில் தேடல் இன்னும் கொஞ்சம் சுற்று. தருமபுரி 1965 அக்டோபர் 2 வரை சேலம் மாவட்டத்தில் இருந்தது. கிருஷ்ணகிரி 2004 பிப்ரவரி 9 அன்று தருமபுரியிலிருந்து பிரிந்தது. ஓசூர் 2019இல் மாநகராட்சி ஆனது. ஆகவே 1965க்கு முந்தைய அறிவிப்பு என்றால் அரசிதழில் சேலம் என்ற பெயரில் தேடுங்கள். மிகப் பழையவற்றுக்குச் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கேட்டுப் பார்க்கலாம். சட்டமும் மாறியிருக்கிறது. நகராட்சிகளின் பழைய தீர்மானங்களில் 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டப் பிரிவுகள் இருக்கும். 2023 ஏப்ரலிலிருந்து நடப்பில் இருப்பது 1998ஆம் ஆண்டின் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம். பிரிவு எண் பொருந்தவில்லையே என்று குழம்ப வேண்டாம்.

வழி ஒன்றுதான்: தகவல் பெறும் உரிமைச் சட்டம், 2005. அதன் 4ஆம் பிரிவின்படி, தன்னிடம் உள்ள விதிகளை யாரும் கேட்காமலே வெளியிடுவதும், பதிவேடுகளை அட்டவணைப்படுத்தி வைப்பதும் அலுவலகத்தின் கடமை. நடைமுறை உங்களுக்கே தெரியும். அதனால் வெள்ளைத்தாளில் எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்லத் தேவையில்லை.

கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது. "சந்தைக் கட்டணம் ஏன் உயர்ந்தது?" என்று கேட்டால் பதில் வராது, ஏன், எதற்கு என்பதற்கு விளக்கம் எழுதித் தருவது அவர்கள் வேலை இல்லை. இப்படிக் கேளுங்கள்: "வாரச்சந்தைக் கட்டணத்தை நிர்ணயித்த மன்றத் தீர்மானம், அதன் எண், நாள், அதற்கான அலுவலகக் குறிப்பு, வெளியிடப்பட்ட அரசிதழ்ப் பக்கம் ஆகியவற்றின் நகல்." கூடவே தீர்மானப் புத்தகத்தை நேரில் பார்வையிட அனுமதியும் கேட்டுவிடுங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய்.

பதில் 30 நாளில் வர வேண்டும். தாமதமானால் நகலை இலவசமாகத் தர வேண்டும். கோப்பு வேறு அலுவலகத்தில் இருந்தால் 5 நாளுக்குள் மனுவை அவர்களே அங்கே அனுப்ப வேண்டும்; "சேலத்தில் போய்க் கேளுங்கள்" என்று திருப்பி அனுப்பக் கூடாது. பதில் இல்லையென்றால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அப்புறம் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

"கோப்பு கிடைக்கவில்லை" என்று ஒரு பதில் வரும். அரசு அலுவலகங்களில் முடிந்த கோப்புக்கு ஆயுள் உண்டு: எண்ணுக்கு முன்னால் மூ.மு. என்றிருந்தால் 3 ஆண்டு, ப.மு. என்றால் 10 ஆண்டு. அழித்திருந்தால் அதற்கும் ஒரு பதிவு இருக்க வேண்டும். அடுத்த மனுவில் அந்த அழிப்புப் பதிவேட்டின் நகலைக் கேளுங்கள்.

கைக்கு வந்த தாளை ஸ்கேன் செய்து, ஆண்டையும் தீர்மான எண்ணையும் கோப்பின் பெயராக வையுங்கள். அரசிதழில் வந்த அறிவிப்பை மறுபடி வெளியிடப் பதிப்புரிமைச் சட்டம் தடை சொல்வதில்லை. வியாபாரிகள் சங்கத்துக்கு ஒரு பிரதி, வார்டு வாட்ஸ்அப் குழுவுக்கு ஒன்று என்று தாராளமாகக் கொடுக்கலாம்.