மர வாத்து யாரை ஏமாத்தணும்?

அமெரிக்காவுல நெவாடா மாநிலத்துல லவ்லாக் குகைன்னு ஒண்ணு இருக்கு. 1924-ல அங்க தோண்டினப்போ ஒரு குழிக்குள்ள 11 வாத்து பொம்மை கிடைச்சுது, கோரைப்புல்ல மடிச்சு கட்டி, சாயம் பூசி, சிலதுல நிஜ இறகையும் சேர்த்து செஞ்சது, வயசு சுமார் 2000 வருஷம். குழந்தைங்க விளையாட செஞ்சது இல்ல, வேட்டைக்கு. இதை தண்ணில மிதக்க விட்டுட்டு மறைஞ்சு உட்கார்ந்தா மேல பறக்குற வாத்து "ஓ, நம்மாளுங்க அங்க மேயுறாங்க, அப்போ இடம் சேஃப்"னு நினைச்சு இறங்கும். நம்ம ஊர்ல கௌதாரி பிடிக்கிறவங்க கூண்டுல ஒரு கௌதாரிய வச்சு கத்த விடுவாங்கல்ல, அதே ஐடியாதான், உசுருக்கு பதிலா புல்லு. அப்புறமா ஐரோப்பால இருந்து போய் குடியேறினவங்க இதையே மரத்துல செய்ய ஆரம்பிச்சாங்க, அதுக்குப் பேரு டிகாய்.

இன்னிக்கு நெட்ல மரத்துல செஞ்ச ஆந்தை, வாத்து, மீன்கொத்தி போட்டோ பாத்துட்டு "இது மரமா?"ன்னு வாயப் பொளக்குறோம்ல, அந்தக் கலையோட முக்கியமான ஒரு வேர் இந்த வேட்டை பொம்மைலதான் இருக்கு. எனக்கு இதுல பிடிச்ச விஷயம் என்னன்னா, பழைய டிகாய் ஏமாத்த வேண்டியது வாத்தோட கண்ண, இப்போ போட்டிக்கு செதுக்குறது ஏமாத்த வேண்டியது மனுஷன் கண்ண. ரெண்டும் ஒரே வேலை மாதிரி தெரியும், ஆனா கிட்டத்தட்ட எதிரெதிர் வேலை.

முதல்ல வாத்து. அது பாக்குறது உயரத்துல இருந்து, வேகமா பறந்துக்கிட்டே. அந்த தூரத்துல இறகுல இருக்குற கோடு எதுவும் தெரியாது. தெரியறது மொத்த உருவத்தோட வெளிக்கோடு, எங்க வெள்ளை எங்க கருப்புங்கிற பெரிய திட்டுங்க, தண்ணில எவ்வளவு ஆழம் அமுங்கி மிதக்குது, கழுத்து எப்படி இருக்கு, அவ்வளவுதான். கழுத்து ரொம்ப முக்கியம். பயந்த வாத்து கழுத்த நிமித்தி குச்சி மாதிரி வச்சுக்கும், நிம்மதியா இருக்குறது கழுத்த உள்ள இழுத்து, இறகைக் கொஞ்சம் உப்பிக்கிட்டு, தலைய எங்கயாவது திருப்பி வச்சிருக்கும். எல்லா பொம்மையும் கழுத்த நிமித்திக்கிட்டு நின்னா மேல வர்ற கூட்டத்துக்கு அது ஆபத்து சிக்னல்.

பளபளப்பும் ஆகாது. இறகு மேல வெளிச்சம் பட்டா பல திசைல சிதறும், பளபள பெயிண்ட்ல வெயில் பட்டா கண்ணாடி மாதிரி ஒரே பக்கமா மின்னும், அதனால டிகாய்க்கு மங்கலான பெயிண்ட்தான் அடிப்பாங்க. இதுல இன்னொரு சிக்கல், பறவைக்கு நிறம் பாக்குற கூம்பு செல் நாலு வகை, நமக்கு மூணுதான். ஊதாவுக்கு அந்தப் பக்கமும் கொஞ்சம் அதால பாக்க முடியும். நாம வெள்ளைக்குப் பயன்படுத்துற டைட்டானியம் பெயிண்ட் அந்த புற ஊதா ஒளிய உறிஞ்சிடும், வெள்ளை இறகு அதுல ஒரு பங்கைத் திருப்பி அனுப்பும், ஸோ நமக்கு ஒரே மாதிரி தெரியுற ரெண்டு வெள்ளையும் வாத்துக்கு ஒரே மாதிரி தெரியணும்னு அவசியம் இல்ல. அப்படி இருந்தும் ஏன் இறங்குதுன்னா, உருவமும் கழுத்தும் சரியா இருந்தா மத்தது பெரும்பாலும் போதுமாயிடுது.

மேரிலாந்துல செசபீக் விரிகுடா ஓரம் கிரிஸ்ஃபீல்டுன்னு ஒரு ஊரு, அங்க லெம் வார்டு, ஸ்டீவ் வார்டுன்னு அண்ணன் தம்பி ரெண்டு பேர், தொழில் முடிவெட்டுறது, மீதி நேரத்துல வாத்து செதுக்குறது. அவங்க வாத்துல தலை திரும்பி இருக்கும், ஒவ்வொண்ணும் தனி ஆளு மாதிரி இருக்கும். "மரத்துல காட்டுப்பறவைக்கு கள்ளநோட்டு அடிக்கிறவங்க"ங்கிற அர்த்தம் வர்ற மாதிரி தங்களைச் சொல்லிக்கிட்டாங்க, செம குசும்பு. 1918-ல வந்த சட்டத்தால வலசைப் பறவைகள சுட்டு மார்க்கெட்ல விக்குறது நின்னுபோச்சு, 1935-ல உசுரோட வாத்தக் கட்டிவச்சு வேட்டையாடுறதும் தடையாச்சு, ரெண்டாம் உலகப்போருக்கு அப்புறம் பிளாஸ்டிக் டிகாய் வந்து மர டிகாய ஓரம் கட்டிருச்சு. செதுக்குறவங்க மெதுவா அலமாரில வைக்கிற பறவை பக்கம் திரும்பினாங்க. வார்டு பேர்லயே 1971-ல இருந்து உலக சாம்பியன்ஷிப் போட்டி நடக்குது. மாசசூசெட்ஸ்காரர் எல்மர் க்ரோவெல் செஞ்ச ரெண்டு டிகாய் 2007-ல தலா 11 லட்சம் டாலருக்கு மேல வித்துச்சு, அந்தக் காலத்துல அதை வாங்கினவங்க தண்ணில போட்டு மேல குண்டு பட விட்டிருப்பாங்க!

இப்போ மனுஷன் கண்ணு. இதுக்கு மரத்துல இருந்து ஆரம்பிக்கணும். தேக்கு நல்ல மரம்தான், ஆனா நுண் வேலைக்கு ரேகை (மரத்துல நார் ஓடுற வரி) முரடு, அதுல சிலிக்கா வேற இருக்கு, உளி முனை சீக்கிரம் மழுங்கிடும். அமெரிக்காவுல பாஸ்வுட், டுபெலோன்னு ரெண்டு மரம் எடுப்பாங்க. டுபெலோ லூசியானா மாதிரி சதுப்பு நிலத்துல தண்ணிக்குள்ளயே நிக்குற மரம், அடிப்பகுதி குடம் மாதிரி வீங்கியிருக்கும், அந்த வீங்கின பகுதி மரம் லேசா இருக்கும், மெஷின்ல தேய்ச்சாலும் நார் நாரா எழும்பாது. பாஸ்வுட் கத்திக்கு வெண்ணெய், ஆனா மெஷின்ல தேய்ச்சா மேல பஞ்சு மாதிரி எழும்பும்.

மரம்ங்கிறது நீளவாக்குல அடுக்கின குழாய்க் கட்டு. குழாய் போற திசைல பலம், குறுக்கால பலவீனம். அதனாலதான் நிறைய பேர் தலையத் தனியா செதுக்கி உடம்போட ஒட்டுறாங்க. தலை ஒரு பக்கம் திரும்பியிருக்கு, ஆனா மொத்தமும் ஒரே கட்டைன்னா, அலகு ரேகைக்கு குறுக்கால போயிடும், லேசா இடிச்சாலே டப்புனு உடையும். தனியா செதுக்கினா ரேகைய அலகு நீளத்துக்கே ஓட விடலாம். அப்புறம் காயும்போது மரம் எல்லா பக்கமும் ஒரே அளவு சுருங்காது, மரத்தோட வயசு வளையத்தோட சேர்ந்து ஓடுற திசைல சுருங்குறது மையத்துல இருந்து வெளிய போற திசையவிட ஏறக்குறைய ரெண்டு மடங்கு. இந்த இழுபறிதான் விரிசல். உடம்ப ரெண்டு பாதியா அறுத்து உள்ள குடைஞ்சு எடுத்துட்டு திரும்ப ஒட்டினா சுவர் மெல்லிசா ஆகி உள்ளயும் வெளியயும் ஒண்ணா காயும், விரிசல் குறையும், லேசாவும் மிதக்கும். காலு மட்டும் பெரும்பாலும் உலோகம்தான், அவ்வளவு ஒல்லியான மரம் எடைய தாங்காது.

மெத்துனு தெரியுறதுதான் பெரிய வித்தை. கட்டை கட்டையாத்தான் இருக்கு, ஆனா பாத்தா தடவிப் பாக்கணும்னு தோணும். இது ரெண்டு கட்டமா நடக்குது. முதல்ல இறகுக் கூட்டத்த மேடும் பள்ளமுமா, ஆனா ரொம்ப மெதுவா ஏறி இறங்குற மாதிரி தேய்க்குறாங்க. நிழல் சட்டுனு வெட்டினா மூளை "கெட்டியான பொருள்"னு படிக்கும், நிழல் மெதுவா கரைஞ்சா "மிருதுவான பொருள்"னு படிக்கும். அடுத்து, சூடான மெல்லிய முனை வச்ச பேனாவால ஒவ்வொரு இறகுலயும் நடுத்தண்டுல இருந்து சாய்வா, நெருக்க நெருக்கமா கோடு சுடுறாங்க, நிஜ இறகோட இழை எப்படி போகுதோ அப்படி, ஒரு பறவைக்கே மாசக்கணக்குல ஆகலாம். இந்தக் கோடுங்க ஒரே திசைல ஓடுறதால வெளிச்சம் திசைக்குத் திசை வேற மாதிரி திரும்புது, பட்டுப்புடவைய அசைச்சா மினுமினுப்பு இடம் மாறும்ல, அப்படி. தடிமனா பெயிண்ட் அடிச்சா கோடு அத்தனையும் அடைஞ்சிடும், அதனால அக்ரிலிக்க தண்ணியா கரைச்சு அடுக்கடுக்கா பூசுவாங்க.

ஆண் காட்டு வாத்தோட பச்சைத் தலை இன்னும் சுவாரசியம். அதுல பச்சை நிறமியே கிடையாது. இறகு இழைக்குள்ள கெரட்டினும் (நம்ம நகத்துல இருக்குற புரதம்) மெலனினும் (கருப்பு நிறமி) நுணுக்கமா அடுக்கியிருக்கு, அந்த அடுக்குல பட்டுத் திரும்புற ஒளி அலைங்க ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து பச்சையக் கூட்டுது, கோணம் மாறினா நீலமா கூட தெரியும். சாதா பச்சை பெயிண்ட் அடிச்சா அதனாலதான் பிளாஸ்டிக் மாதிரி செத்துப்போய் தெரியுது. செதுக்குறவங்க மைக்கா தூள் கலந்த பெயிண்ட் எடுக்குறாங்க, மைக்கா செதில் மேல டைட்டானியம் ஆக்சைடு மெல்லிசா பூசியிருக்கும், அந்தப் பூச்சு எவ்வளவு தடிமன்ங்கிறதப் பொறுத்து நிறம் வரும். அதுவும் கருப்பு மேல பூசினாத்தான் நல்லா எடுக்கும், மீதி ஒளிய கருப்பு விழுங்கிடும். இறகுல மெலனினும் அதே வேலையச் செய்யுது, பாத்தீங்களா, பறவையும் பெயிண்ட் கம்பெனியும் ஒரே இயற்பியல்தான்.

இவ்வளவு டெக்னிக் தெரிஞ்சும் சில பறவை ஏன் பொணம் மாதிரி இருக்குன்னா, பாடம் பண்ணின பறவையப் பாத்தே செஞ்சிருப்பாங்க. செத்த பறவைல அலகு காஞ்சு சுருங்கும், காலோட நிறம் மங்கும், தோல இழுத்து ஒட்டினவர் எப்படி வளைச்சாரோ அதுதான் உருவம். உசுரோட இருக்குறத ஏரிக்கரைல மணிக்கணக்கா உட்கார்ந்து பாத்தவன் செஞ்சதுல இறகு ஒரே சீரா படிஞ்சிருக்காது, ஒரு பக்க இறக்கை லேசா நழுவியிருக்கும், ஒரு இறகு பிரிஞ்சிருக்கும், எடை எந்தக் கால்ல இருக்குன்னு தெரியும். கண்ணு கடைல வாங்குற கண்ணாடிதான், ஆனா சுத்தி எபாக்சிங்கிற கெட்டியாகுற பிசின்ல இமை வளைக்குறதுல பிசகினா சாந்தமான வாத்து முறைக்குற வாத்தாயிடும். என்னைக் கேட்டா இறகுக்கோடு எண்ணி மார்க் போடுறதவிட இதுக்குத்தான் மார்க் போடணும்.

வேட்டை இல்லாம பறவைக் கண்ண ஏமாத்துற வேலையும் ஒண்ணு நடந்திருக்கு. மெய்ன் மாநிலத்துல ஈஸ்டர்ன் எக் ராக்னு குட்டித் தீவு, அங்க இருந்த பஃபின்ங்கிற கடல் பறவைகள 19-ஆம் நூற்றாண்டுல வேட்டையாடியே காலி பண்ணிட்டாங்க. ஸ்டீபன் க்ரெஸ்னு ஒரு பறவை ஆராய்ச்சியாளர் 1973-ல கனடாவோட நியூஃபவுண்ட்லாந்துல இருந்து குஞ்சுகளக் கொண்டுவந்து அங்க வளர்த்து விட்டாரு. பஃபின் கூட்டமா வாழுற ஜாதி, காலியான பாறைய நம்பி முட்டை போடாது. அதனால 1977-ல பாறை மேல மர பஃபின்கள நிறுத்தினாங்க. கோடு சுடுறது, மைக்கா எதுவும் தேவைப்படல, கருப்பு, வெள்ளை, அலகு நிறம், நிக்குற தோரணை, இவ்வளவுதான். பறவைங்க வந்து பக்கத்துல உட்கார்ந்துச்சு, 1981-ல முதல் ஜோடிங்க அங்கயே கூடு வச்சுது. மர பஃபினால ஒண்ணே ஒண்ணுதான் முடியாது, அசையறது. அதுக்கும் க்ரெஸ் குழு வழி கண்டுபிடிச்சுது, நாலு பக்கமும் கண்ணாடி ஒட்டின பெட்டிய பாறைல வச்சாங்க, வர்ற பறவை தன்னோட பிம்பத்தையே நடமாடுற இன்னொரு பஃபின்னு நம்பி பெட்டிய சுத்திச் சுத்தி வந்துச்சு.