குழாய்ச் சத்தம்: சுவரை உடைப்பதற்கு முன்

தொண்டி முதல் சாயல்குடி வரை நீளும் இராமநாதபுரம் கடலோரத்தில் குழாய்ப் பணி செய்யும் எங்களுக்கு, கசிவுக்கு அடுத்தபடியாக அதிகம் வருவது சத்தம் பற்றிய புகார்தான். நாங்கள் போய்ச் சேருவதற்குள் குளியலறைச் சுவரில் இரண்டு மூன்று டைல்ஸைப் பெயர்த்துவிட்ட வீடுகளும் உண்டு. சத்தம் கேட்கும் இடத்தில்தான் கோளாறும் இருக்கும் என்ற எண்ணமே இந்த வீண் செலவுக்குக் காரணம். நீரும் இரும்பும் காற்றைவிடப் பல மடங்கு வேகமாக ஒலியைக் கடத்துபவை என்பதால், வாசலோரச் சம்ப்பில் (நிலத்தடித் தொட்டியில்) எழும் அதிர்வு மாடி அறையில் தெளிவாகக் கேட்கும். ஆகவே இடத்தைத் தேடுவதற்கு முன் நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். மோட்டார் நிற்கும்போதா, குழாயைத் திறக்கும்போதா, கழிப்பறையில் தண்ணீர் ஊற்றிய பிறகா, யாரும் தண்ணீரைத் தொடாத நள்ளிரவிலா என்று கேட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

மோட்டாரை நிறுத்தியதும் 'டம்' என ஒரே ஓர் அடி விழுந்தால், மேலேறிய நீர் திரும்பி வந்து, நீரை ஒரே திசையில் மட்டும் விடும் என்.ஆர்.வி. வால்வை அறைந்து மூடுகிறது என்று பொருள். வாஷிங் மெஷின் தண்ணீரை நிறுத்தும் நொடியில் கேட்கும் அடியும் இதே இனம்தான். நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடும் நீரை இரும்புக் குழாயில் சட்டென நிறுத்தினால், சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 12 முதல் 14 கிலோ அளவுக்கு அழுத்தம் ஒரு கணம் எகிறும். 10 மீட்டர் உயரத்தில் உள்ள தொட்டி தருவதோ 1 கிலோ அழுத்தம் மட்டுமே. பி.வி.சி. குழாய் சற்று நெகிழ்ந்துகொடுப்பதால் அதில் அடி குறைவாக இருக்கும். ஆனால் பிரஷர் பம்ப் வைத்த வீடுகளில் நீரின் வேகம் கூடுவதால், அந்தச் சலுகையும் போய்விடுகிறது.

பல ஆண்டுகள் அமைதியாக இருந்த குழாய் திடீரென்று சத்தமிடத் தொடங்கினால், நம் பகுதியில் முதலில் பார்க்க வேண்டியது குழாயைச் சுவரோடு பிடித்திருக்கும் கிளாம்ப்பைத்தான். வெளியே பெயின்ட் பூசிய வளையம் நன்றாகவே தெரியும். சுவருக்குள் இருக்கும் ஆணியை உப்புக்காற்று தின்று தீர்த்திருக்கும். குழாயைக் கையால் பிடித்து இழுத்தால் அசைவு தெரிந்துவிடும். அத்தகைய இடங்களில் பி.வி.சி. கிளாம்ப்பையும் துருப்பிடிக்காத எஃகுத் திருகையும் பொருத்துவது நல்லது. எஃகிலும் 304 ரகத்தைவிட 316 ரகமே கடற்காற்றைத் தாங்கும். விலை கூடுதல்தான், இருந்தாலும் பாம்பன், தங்கச்சிமடம் போன்ற ஊர்களில் மலிவுத் திருகு வாங்குவதை நான் சிக்கனமாகக் கருதுவதில்லை.

கீழக்கரையில் பழைய பெரிய வீடு ஒன்றில், "ராத்திரியில யாரோ சுவத்தத் தட்டுற மாதிரியே இருக்கு தம்பி" என்றார் அவ்வீட்டின் மூத்த பெண்மணி. ஓதிப் பார்க்கலாமா என்ற பேச்சும் அதற்குள் எழுந்திருந்தது. எந்தெந்த இரவுகளில் கேட்கிறது என்று விசாரித்தபோது, கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் காவிரித் தண்ணீர் வரும் இரவுகளில் மட்டும்தான் என்பது தெரியவந்தது. சம்ப் நிரம்பும் தறுவாயில், உள்ளே விழும் நீர் எழுப்பிய அலையில் மிதவை ஏறி இறங்க, அதன் வால்வு கணத்துக்குக் கணம் திறந்து மூடியது. ஒவ்வொரு மூடலும் படுக்கையறைச் சுவருக்குள் செல்லும் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயில் ஒரு தட்டலாக ஒலித்தது. வால்வின் வாஷரை மாற்றி, மிதவைக்கு அடியில் நீருக்குள் மூழ்கி நிற்கும்படி ஒரு பிளாஸ்டிக் தட்டைத் தொங்கவிட்டோம். தட்டு நீரைப் பிடித்துக்கொள்வதால் மிதவை அலைக்கு ஆடுவதில்லை, சத்தமும் நின்றது.

உப்புத் தண்ணீர் லைனில் குழாயைத் திறந்ததும் 'கடகட'வென அதிர்ந்தால் கேட் வால்வைக் கழற்றிப் பாருங்கள். உப்பு நீர் பித்தளையிலுள்ள துத்தநாகத்தை அரித்து எடுத்துவிடும். எஞ்சியிருப்பது செந்நிறமாக, நகத்தால் சுரண்டினாலே உதிரும் செம்பு மட்டுமே. அப்படி வலுவிழந்த தண்டிலிருந்து உள்தகடு கழன்று நீரோட்டத்தில் ஆடும். கைப்பிடியைச் சுற்றினால் தடையின்றிச் சுழலும். ஆனால் தண்ணீர் நிற்காது. இதைச் சரிசெய்ய முயல்வது வீண் வேலை. புதிய வால்வுதான் வழி.

மொட்டை மாடிக் குழாயில் மாலை வேளையில் கேட்கும் 'டிக் டிக்' ஒலிக்கு அஞ்ச வேண்டாம். 10 மீட்டர் பி.வி.சி. குழாய் 20 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 14 மில்லிமீட்டர் நீளும். வெயில் தாழச் சுருங்கும்போது கிளாம்ப்பில் உரசுகிறது, அவ்வளவுதான். கழிப்பறையில் தண்ணீர் ஊற்றியதும் குளியலறைத் தரையில் நீர் வெளியேறும் நாணி ட்ராப் 'களக் களக்' என்றால், கழிவுக் குழாய்க்குக் காற்று விடும் ஏர் பைப்பின் மேல்முனையில் குளவிக்கூடோ குருவிக்கூடோ இருக்கிறதா என்று ஏறிப் பார்க்க வேண்டும்.

அலட்சியப்படுத்தக் கூடாத சத்தங்கள் இரண்டு. எல்லாரும் உறங்கும் நேரத்தில் பிரஷர் பம்ப் தானாக ஓடி நின்றால், பம்ப்பைத் தாண்டிய குழாயில் எங்கோ கசிகிறது, அல்லது அதன் என்.ஆர்.வி. வால்வு நீரைத் திரும்ப விடுகிறது. தொட்டியும் கசிகிறதா என்று அறிய, படுக்கும் முன் பம்ப்பை நிறுத்தி, தொட்டியின் வெளிவழி வால்வை மூடி, நீர்மட்டத்தைக் குறித்துவைத்து, காலையில் பாருங்கள். மட்டம் குறைந்திருந்தால் தொட்டியும் கசிகிறது. குறையாவிட்டால் குழாயிலும் வால்விலும் தேடினால் போதும்.

இரண்டாவது, தெருவில் நல்ல தண்ணீர் நின்றதும் திறந்திருக்கும் குழாய் காற்றை உள்ளே இழுக்கும் சத்தம். காலியாகும் லைன் குழாய் வழியாகக் காற்றை இழுப்பதைப் போலவே, மண்ணுக்குள் விரிசல் விட்ட இணைப்பு வழியாக நிலத்தடி உவர்நீரையும் சாக்கடைக் கசிவையும் இழுத்துக்கொள்ளும். லைனில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுவது சட்டப்படி தவறு என்பதோடு, இந்த இழுப்பை இன்னும் மோசமாக்குகிறது. தண்ணீர் மீண்டும் வரும் நாளில் முதல் குடத்தை ஒரு கண்ணாடி டம்ளரில் ஊற்றிப் பார்க்க வேண்டும். கலங்கலோ வாடையோ தெரிந்தால் அதைக் குடிக்காமலும் சம்ப்பில் விடாமலும் வெளியேற்றிவிட்டு, நகராட்சிக்கோ ஊராட்சிக்கோ அன்றைக்கே தெரிவிக்க வேண்டும்.