எதிராளி நல்லா ஆடினா உங்க பிள்ளைக்கு ஏன் கை நடுங்குது?

விளையாட்டுல இருக்கிற பிள்ளைங்களுக்கு மனநல ஆலோசனை சொல்றதுதான் என் வேலை. டென்னிஸ், பேட்மிண்டன், செஸ்னு வருவாங்க, இப்போ கோல்ஃப் ஆடுற பிள்ளைங்களும் வர்றாங்க. பிள்ளை வாயத் திறக்கறதுக்கு முன்னாடி அப்பா அம்மா பேசிடுவாங்க, அதுல முக்கால்வாசிப் பேரு ஆரம்பிக்கிறது ஒரே இடத்துலதான். "நல்லாதான் ஆடுறான் மேடம், அந்தப் பையன் கூட ஆடுறப்ப மட்டும் சொதப்பிடுறான்." எல்லா வீட்டுலயும் ஒரு 'அந்தப் பையன்' இருக்கான். அவன் ரேங்க் என்ன, எந்த கோச்கிட்ட போறான், இன்ஸ்டால என்ன போட்டான்னு பிள்ளைய விட அப்பாவுக்கு அத்துப்படி.

இந்த மாதிரி வீட்டுக்காரங்ககிட்ட நான் பேசுற ஆளு ஜாக் நிக்லாஸ். 1940ல அமெரிக்காவுல ஒஹையோ மாநிலத்துல பொறந்தவரு, கோல்ஃப்ல மேஜர்னு சொல்ற பெரிய பட்டங்கள்ல 18 ஜெயிச்சவரு, அதை இன்னும் யாரும் தாண்டல. அந்த 18 பல பேருக்குத் தெரியும். அதே மேஜர்ல அவரு 19 தடவை ரெண்டாவதா வந்திருக்காருன்னு சொன்னா ஒரு நிமிஷம் அமைதியாயிடுவாங்க. ரெண்டாவது வர்றது தோல்வின்னா கோல்ஃப்ல அவர மாதிரி தோத்தவரே கிடையாது.

அவருக்கு எதிராளிங்களும் லேசுப்பட்டவங்க இல்ல. 1962ல 22 வயசுல ஓக்மாண்ட்ல யு.எஸ். ஓபன், அதுவும் ஒரு மேஜர்தான், ஸ்கோர் சமன் ஆனதால பிளேஆஃப், எதிர்ல அர்னால்ட் பால்மர், அது பால்மரோட சொந்த ஏரியா வேற, சுத்தி நின்ன கூட்டம் முழுக்க அவரு ரசிகர்கள், குண்டுப் பையன்னு இவரைக் கிண்டல் பண்ணாங்க, கோல்ஃப்ல கம்மி தடவை பந்தை அடிச்சவருதான் ஜெயிப்பாரு, இவரு 71, பால்மர் 74, கதை முடிஞ்சுது. 1971ல மெரியன்ல அதே யு.எஸ். ஓபன் பிளேஆஃபுக்கு முன்னாடி லீ ட்ரெவினோ பையில இருந்து ரப்பர் பாம்பை எடுத்து வீச எல்லாரும் சிரிச்சாங்க, நிக்லாஸும் சேர்ந்துதான் சிரிச்சாரு. அன்னைக்கு ஜெயிச்சது ட்ரெவினோ, 68க்கு 71.

ஆனா நான் விலாவாரியா சொல்றது 1977 பிரிட்டிஷ் ஓபன், இன்னொரு மேஜர், ஸ்காட்லாந்துல டர்ன்பெரி மைதானம். நிக்லாஸும் டாம் வாட்சனும் முதல் மூணு நாளும் 68, 70, 65, ரெண்டு பேருக்கும் அச்சு அசல் அதே ஸ்கோர். கடைசி நாள் கடைசி குழிக்கு வர்றப்ப வாட்சன் ஒண்ணு முன்னாடி. நிக்லாஸ் அடிச்ச டிரைவ், அதாவது முதல் ஷாட், வலது பக்கம் முள் புதர் ஓரமா போயி மாட்டிக்கிச்சு, வாட்சனோட ரெண்டாவது ஷாட் குழிக்கு ரெண்டடி கிட்ட வந்து உக்காந்துடுச்சு. எல்லாரும் எழுந்து போக வேண்டிய நேரம். இவரு அந்தப் புதர்ல இருந்து எப்படியோ குழியைச் சுத்தி ஒட்ட வெட்டின கிரீன்ங்கிற புல்தரை ஓரத்துக்குக் கொண்டு வந்து, அங்க இருந்து முப்பது அடிக்கு மேல தூரம் இருந்த 'பட்'டை, அதாவது தரையோட உருட்டி விடுற ஷாட்டை, உள்ள தள்ளிட்டாரு. கூட்டம் கத்துது. அப்ப அவரு என்ன பண்ணாருன்னா, கைய தூக்கி கூட்டத்த அமைதியா இருக்கச் சொன்னாரு, ஏன்னா வாட்சன் இன்னும் அடிக்கல. வாட்சன் அந்த ரெண்டடிய உள்ள போட்டு ஜெயிச்சாரு, நிக்லாஸ் அவரு தோள்ல கை போட்டுக்கிட்டே கிரீனை விட்டு வெளிய வந்தாரு. வாட்சன் 268, நிக்லாஸ் 269, மூணாவது வந்த ஹூபர்ட் கிரீன் 279. ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் பத்து ஸ்ட்ரோக் வித்தியாசம் பாருங்க. எதிராளி நல்லா அடிக்க அடிக்க இவங்க ரெண்டு பேரும் இன்னும் நல்லா அடிச்சதாலதான் மத்தவங்க அவ்ளோ பின்னாடி போயிட்டாங்க. அஞ்சு வருஷம் கழிச்சு பெப்பிள் பீச்ல இதே வாட்சன் 17வது குழில கிரீனுக்கு வெளிய இருந்து சிப் பண்ணி நேரா உள்ள போட்டு இவருகிட்ட இருந்து ஒரு யு.எஸ். ஓபனையும் பறிச்சாரு, அது தனிக்கதை.

கோல்ஃப்ல எதிராளி உங்க பந்தைத் தொட முடியாது, நீங்களும் அவன் பந்தைத் தொட முடியாது. டென்னிஸ்ல அவன் சர்வீஸுக்கு நீங்க பதில் சொல்லியாகணும், இங்க அதுவும் இல்ல. அப்புறம் அவன் ஷாட் உங்க கைய எப்படி நடுங்க வைக்குது? தலைக்குள்ள போய்தான். அதனாலதான் கோல்ஃப் பிள்ளைங்க என்கிட்ட வர்றப்ப விஷயம் சீக்கிரம் பிடிபடுது.

இதுல இன்னொண்ணு பல பெத்தவங்களுக்குத் தெரியல. மொத்தம் எத்தனை ஸ்ட்ரோக்னு எண்ணி ஆடுற ஸ்ட்ரோக் பிளேல உங்க ஸ்கோர் கார்டை எழுதுறதே கூட ஆடுற எதிராளிதான். 1968ல மாஸ்டர்ஸ்ங்கிற மேஜர்ல அர்ஜென்டினாக்காரரு ராபர்டோ டி விசென்ஸோ 17வது குழில மூணு அடிச்சாரு, கூட ஆடின டாமி ஆரன் தவறுதலா நாலுன்னு எழுதிட்டாரு, இவரு சரியா பாக்காம கையெழுத்துப் போட்டுட்டாரு, விதிப்படி அந்த நாலுதான் செல்லும், பாப் கோல்பி கூட பிளேஆஃப் ஆட வேண்டியவரு ஒரு ஸ்ட்ரோக்ல ரெண்டாவது ஆனாரு. அன்னைக்கு அவருக்கு 45வது பிறந்தநாள் வேற. அவரு ஆரனைத் திட்டல, தன்னைத்தான் நொந்துக்கிட்டாரு. 'அந்தப் பையன' எதிரின்னு சொல்லிக் குடுத்து வளர்த்தா, அவன் கையில இருக்கிற கார்டை நம்ம பிள்ளை எந்த மனசோட வாங்கும்னு யோசிங்க.

நிக்லாஸ் எதிராளிங்களைக் கவனிக்கவே மாட்டாருன்னு நினைச்சிடாதீங்க. யு.எஸ். ஓபன் மாதிரி கஷ்டமான மைதானத்துல புல் உயரம், கிரீன் வேகம்னு யாராவது புலம்பினா அவங்களை மனசுக்குள்ளயே லிஸ்ட்ல இருந்து அடிச்சிடுவேன்னு அவரே சொல்லியிருக்காரு. கவனிக்கிறாரு, ஆனா கறுவறதில்ல. 1969ல அமெரிக்காவும் பிரிட்டனும் மோதின ரைடர் கப் டீம் போட்டி, அதோட கடைசி மேட்ச்ல எதிராளி டோனி ஜாக்லினோட ரெண்டு மூணு அடி தூர 'பட்'டை, ஜாக்லின் அடிக்காமயே உள்ள போனதா நிக்லாஸ் ஒத்துக்கிட்டு விட்டுக் குடுத்தாரு, அந்தக் கோப்பை 16-16னு முதல் தடவையா சமன்ல முடிஞ்சுது, சொந்த டீம் கேப்டன் சாம் ஸ்னீடுக்கே அது பிடிக்கல.

என் பிள்ளைங்களுக்கு நான் குடுக்கிற பயிற்சி ரொம்ப சிம்பிள், கையுறைதான். கையுறை கழட்டியிருக்கிற வரைக்கும் எதிராளி ஷாட்டை நல்லா பாரு, பந்து எங்க போகுதுன்னு பாரு, நல்லா இருந்தா வாய்விட்டு "நல்ல ஷாட்"னு சொல்லு. கையுறை மாட்டி வெல்க்ரோ ஒட்டுற சத்தம் கேட்டாச்சுன்னா காத்து, தூரம், பந்து கிடக்கிற இடம், அவ்ளோதான், அவன் இல்ல. ஒரு ரவுண்டு நாலு மணி நேரத்துக்கு மேல போகும், அதுல பந்தை அடிக்கிற நேரம் சில நிமிஷம்தான், மிச்ச நேரம் பூரா 'அவன் எவ்ளோ'ன்னு ஓடினா மண்டை சூடாயிடும். முதல்ல "நல்ல ஷாட்" சொல்ல நாக்கு வராது, பல்லைக் கடிச்சுக்கிட்டு சொல்லுவாங்க, பரவாயில்ல, போகப் போக வந்துடும்.

பெத்தவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு. கார்ல ஏறினதும் "அவன் எத்தனை?"ன்னு கேக்காதீங்க, சாப்பிட்டியான்னு கேளுங்க. போனை எடுத்து லைவ் ஸ்கோரை பிள்ளை முன்னாடி உருட்டாதீங்க, உங்க மூஞ்சி மாறுறத அவன் பாத்துக்கிட்டேதான் இருக்கான்.

போட்டி அன்னைக்குக் காலைல மட்டும் வயித்து வலி, வாந்தி, முந்தின ராத்திரி தூக்கமே இல்ல, இல்லன்னா 'அந்தப் பையன்' பேரு டிரால வந்ததும் உடம்பு சரியில்லன்னு விலகிடுறது, இதெல்லாம் திரும்பத் திரும்ப நடந்தா நடிக்கிறான்னு அதட்டாதீங்க. முதல்ல உங்க குழந்தைகள் டாக்டர்கிட்ட காட்டி உடம்புல ஒண்ணும் இல்லன்னு பாத்துக்கங்க, அப்புறம் எங்களை மாதிரி ஒருத்தர்கிட்ட கூட்டிட்டு வாங்க, வர்றப்ப முடிஞ்சா அவனை முதல்ல பேச விடுங்க.