இயற்கை க்ரீமும் பிரிசர்வேட்டிவும்: லேபிளில் முதலில் தேட வேண்டியது தண்ணீர்

முன்பக்கத்தில் ‘ஹெர்பல்’, ‘ஆர்கானிக்’, ‘பிரிசர்வேட்டிவ் இல்லை’ என்று என்ன எழுதியிருந்தாலும் டப்பாவைத் திருப்புங்கள். பின்பக்கப் பொடி எழுத்துப் பட்டியலில் சேர்மானங்கள் அளவு குறையும் வரிசையில் இருக்கும். 1 சதவீதத்துக்கும் குறைவாகச் சேர்ப்பவற்றை மட்டும் எந்த வரிசையிலும் போட்டுக்கொள்ளலாம். முதலில் ‘அக்வா’ என்றிருந்தால் அது தண்ணீர். ‘அலோ வேரா ஜூஸ்’, ‘ரோஸ் வாட்டர்’ என்றிருந்தாலும் கணக்கு மாறாது. கற்றாழைச் சாற்றில் ஏறத்தாழ 99 சதவீதம் தண்ணீர்தான்.

தண்ணீர் இருந்தால் கிருமி வளரும். மூலிகைச் சாற்றின் சர்க்கரையும் புரதமும் அதற்கு நல்ல தீனி. தினமும் விரலை விடும்போது ஸ்டஃபைலோகாக்கஸ் பாக்டீரியா, குளியலறை ஈரத்திலிருந்து சூடோமோனாஸ் பாக்டீரியா, காற்றிலிருந்து பூஞ்சை வித்துகள் உள்ளே போகின்றன. லட்சக்கணக்கில் பெருகிய பிறகும் நிறமோ வாசனையோ மாறாமல் இருக்கலாம் என்பதுதான் சிக்கல். கீறல் விழுந்த தோலிலும் கண்ணோரத்திலும் அப்படிப்பட்ட க்ரீம் தொற்றை உண்டாக்கும். ஊறுகாய் ஜாடியில் ஈரக் கரண்டி போடாத வீட்டில்கூட க்ரீம் டப்பாவில் ஈர விரல் போகிறது.

ஆகவே தண்ணீர் உள்ள க்ரீமுக்குப் பிரிசர்வேட்டிவ் தேவை. ஐரோப்பாவின் காஸ்மாஸ் ஆர்கானிக் தரநிலையே பென்சாயிக் அமிலம், சார்பிக் அமிலம், டிஹைட்ரோஅசிட்டிக் அமிலம், பென்சைல் ஆல்கஹால் ஆகியவற்றை அனுமதிக்கிறது. இந்தப் பெயர்களைப் பார்த்து ‘கெமிக்கல்’ என்று டப்பாவைத் திரும்ப வைப்பது தவறான முடிவு.

இவற்றில் அதிகம் புழங்குவது பென்சாயிக் அமிலத்தின் உப்பான சோடியம் பென்சோயேட். இது வேலை செய்வது பிஹெச் அளவைப் பொறுத்தது (பிஹெச் என்பது அமிலத்தன்மையைக் காட்டும் எண்; எண் குறையக் குறைய அமிலம் அதிகம்). மின்னேற்றமில்லாத அமில மூலக்கூறுதான் கிருமியின் செல்சவ்வை எளிதில் கடக்கும். உள்ளே போனதும் அது உடைந்து செல்லை அமிலமாக்குகிறது. அந்த அமிலத்தை வெளியே தள்ளியே செல்லின் சக்தி தீர்கிறது. பிஹெச் 4.2 இருக்கும்போது பாதி மூலக்கூறுகள் இந்த வடிவில் இருக்கும். 5.2 ஆனால் சுமார் 9 சதவீதம், 6.2 ஆனால் வெறும் 1 சதவீதம். வீட்டில் க்ரீம் செய்து விற்பவர்கள் பலர் சறுக்குவது இங்கேதான். 0.5 சதவீதம் சரியாக நிறுத்துப் போட்டுவிட்டு பிஹெச் பார்க்காமல் விட்டால், 6.5-இல் இருக்கும் ஜெல்லில் அது பெயருக்குத்தான் இருக்கும். எல்லாவற்றையும் கலந்து ஆறிய பிறகு பிஹெச் தாளில் பார்த்து, சிட்ரிக் அமிலக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு 4.5-க்குக் கொண்டுவர வேண்டும். மறுநாள் மீண்டும் பார்க்க வேண்டும். ஜெல்லைக் கெட்டியாக்க கார்போமர் போட்டிருந்தால் இந்த அமிலத்தில் நீர்த்துவிடும், சாந்தன் கம் போட்டிருந்தால் தாங்கும். பென்சோயேட் பூஞ்சையைத் தடுக்கும் அளவுக்கு பாக்டீரியாவைத் தடுக்காது என்பதால் நல்ல தயாரிப்பாளர்கள் துணைக்கு இன்னொன்றும் சேர்ப்பார்கள்.

‘வைட்டமின் ஈ போட்டிருக்கிறோம், கெடாது’ என்பவரிடம் வாங்காதீர்கள். வைட்டமின் ஈயும் ரோஸ்மேரி சாறும் எண்ணெய் சிக்கு வாடை அடிக்காமல் காக்கும், கிருமியை ஒன்றும் செய்யாது.

பிரிசர்வேட்டிவே வேண்டாம் என்றால் தண்ணீரே இல்லாததை வாங்கலாம்: எண்ணெய், தேன்மெழுகு பாம், நலங்கு மாவு. மாவை உலர்ந்த கரண்டியால் எடுத்து, அந்த வேளைக்கு வேண்டியதை மட்டும் குழைத்து, மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். கற்றாழையைச் செடியிலிருந்தே எடுப்பதானால், வெட்டிய மடலைக் கால் மணி நேரம் செங்குத்தாக நிறுத்தி மஞ்சள் பாலை வடியவிடுங்கள். அரிப்பைக் கிளப்புவது பெரும்பாலும் அதுதான். எலுமிச்சைச் சாற்றை மட்டும் முகத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். அதன் பிஹெச் 2-ஐ ஒட்டியது. அதிலுள்ள ஃபுரானோகூமரின்கள் வெயில் பட்டால் தோலைப் பொசுக்கிக் கறுப்புத் தழும்பு விடும்.

‘ஆர்கானிக்’ முத்திரை சொல்வது பயிர் விளைந்த விதத்தை. காஸ்மாஸ் கணக்கில் மொத்த எடையில் 20 சதவீதம் ஆர்கானிக் இருந்தாலே போதும், கழுவிவிடும் பொருளுக்கு 10; தண்ணீரை ஆர்கானிக் என்று எண்ண முடியாதே. உங்கள் தோலுக்கு ஒத்துக்கொள்ளுமா என்பதை முத்திரை சொல்லாது. லாவெண்டர், ஆரஞ்சு எண்ணெய்களின் வாசனைப் பொருள்களான லினலூலும் லிமோனீனும் காற்றுப் பட்டுப் பழசானால் ஒவ்வாமை உண்டாக்கும். சென்சிடிவ் தோல்காரர்கள் வாசனையே இல்லாததை எடுப்பது நல்லது.

இந்தியாவில் தயாரான பொருளில் உற்பத்தி உரிம எண், பேட்ச் எண், காலாவதி மாதம் மூன்றும் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் வாங்க வேண்டாம். ஒரே க்ரீம் அகல வாய் டப்பாவிலும் பம்ப் பாட்டிலிலும் கிடைத்தால் பம்பை எடுங்கள். வாங்கியதை முழங்கையின் உட்புறத்தில் ஒரு ரூபாய் அளவு இடத்தில், நாளைக்கு இரண்டு வேளை என ஏழு நாள் தடவுங்கள். சிவப்போ அரிப்போ இல்லையென்றால் முகத்துக்குப் போகலாம்.